மன்னார் வெயிலில் குளிர்ந்த பிள்ளை

என் மகளை அவளுடைய தம்பிக்குத் தங்கை என்று முதன்முதலில் நினைத்தவர் ஒரு பஸ் கொண்டக்டர்.

பிள்ளைகளுக்குச் செருப்பு வாங்கப் பேசாலையிலிருந்து மன்னார் ரவுணுக்குப் போய்க்கொண்டிருந்தோம். பஸ்ஸில் நிற்க இடமில்லாத சனம். கொண்டக்டர் என் மகன் கெவினிடம் குனிந்து, "தம்பி, தங்கச்சியின்ரை கையை விடாமப் பிடிச்சுக்கொள்ளுங்கோ" என்றார். கெவினுக்கு அப்போது ஐந்தரை வயது. பெரிய மனுசன்போல "ஓம்" என்று சொல்லிவிட்டுக் கையை நீட்டினான். ஏழரை வயதான ஜெனி மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நான் சிரித்தேன். என் மனைவி மலர் சிரிக்கவில்லை.

அன்று பின்னேரம் இரண்டு பேரையும் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கவைத்தாள். ஜெனியின் உச்சந்தலை கெவினின் நெற்றி மட்டத்தில் நின்றது.

"போன வருசத்துப் பள்ளிக்கூடச் சட்டை இப்பவும் அவவுக்குத் தொளதொளவெண்டு கிடக்கு. நான்தான் உங்களிட்டச் சொல்லாமல் இருந்தனான்" என்றாள் மலர்.

நான் மீன் லொறி ஓட்டுகிறவன். பேசாலையில் ஐஸ் போட்டு ஏற்றும் மீனைக் கொழும்புச் சந்தையில் இறக்கிவிட்டுத் திரும்புவேன். வீட்டில் நிற்கும் நேரத்தைவிட வழியில் கழியும் நேரம்தான் அதிகம். விட்டுவிட்டுப் பார்க்கிற எனக்குத்தான் பிள்ளைகள் வளர்வது முதலில் தெரிந்திருக்கவேண்டும். கெவின் வளர்ந்தது ஒவ்வொரு முறையும் தெரிந்தது. ஜெனி எப்போது வந்து பார்த்தாலும் விட்டுப்போன மாதிரியே இருந்தாள். அதைப் பற்றி நான் யோசித்ததில்லை. ஏனென்றால் நானே கட்டை ஆள். லொறியில் இருக்கைக்கு மேல் ஒரு மெத்தைத் துண்டு போட்டுத்தான் ஓட்டுவேன். சொந்தக்காரரும் அதைத்தான் சொன்னார்கள். "அப்பன்ரை உயரத்தைக் கொண்டு வந்திருக்கிறாள். வயசுக்கு வந்தால் ஒரே வருசத்தில நெடுத்துவிடுவாள், பேசாமல் இருங்கோ" என்றாள் என் அக்கா.

இன்னும் சில விஷயங்கள் இருந்தன. அவற்றை நாங்கள் நோயென்று நினைக்கவில்லை, அவளுடைய சுபாவம் என்று நினைத்தோம். ஜெனி அமைதியான பிள்ளை. ஓரிடத்தில் இருத்தினால் இருந்த இடத்திலேயே இருப்பாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நித்திரை கொள்வாள். மன்னார் வெயிலில் நாய்கள் வாய்க்காலுக்குள் படுத்துக் கிடக்கும் சித்திரை மாதத்திலும் அவள் போர்வையால் மூடிக்கொண்டு, "அம்மா, காற்றாடியை நிப்பாட்டுங்கோ, குளிருது" என்பாள். முகம் கொஞ்சம் ஊதியிருக்கும். அதைச் சனம் கொழுகொழுவென்று இருக்கிறாள் என்று கன்னத்தைக் கிள்ளிக் கொஞ்சும். கோயிலில் பூசை முடியும்வரை அசையாமல் இருப்பாள். மற்றப் பிள்ளைகளின் தாய்மார் மலரிடம், "எப்படி வளர்த்தனீங்கள்?" என்று கேட்பார்கள். மலருக்கு அதில் பெருமைதான்.

பஸ்ஸில் அப்படி நடந்ததன் பிறகு மலர் என்னை விடவில்லை. மன்னார் ஆஸ்பத்திரியில் பிள்ளைகள் கிளினிக்குக்குப் போனோம்.

அங்கே இருந்த டொக்டர் இளம் பெண். ஜெனியைச் சுவரோடு நிறுத்தி அளந்தார். ஒரு முறை அளந்துவிட்டு, முழங்கால் மடிந்திருக்கிறதோ என்று குனிந்து பார்த்து, மறுபடியும் அளந்தார். இடது கையை எக்ஸ்ரே எடுக்க அனுப்பினார். உயரத்துக்கும் கைக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு விளங்கவில்லை. படம் வந்ததும் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

"பிள்ளையளுக்கு வயசு போகப் போக மணிக்கட்டில சின்னச் சின்ன எலும்பு ஒவ்வொண்டாத் தெரியத் தொடங்கும். அதை வைச்சு எலும்பின்ரை வயசு சொல்லலாம். உங்கட மகளுக்கு ஏழரை வயசு. இந்தக் கைக்கு நாலு வயசுதான்."

நான் ஜெனியின் கையைப் பார்த்தேன். மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். குறுகிய, தடித்த விரல்கள்.

டொக்டர் இரத்தம் எடுக்கச் சொன்னார். சில சுரப்புகளை அளக்கவேண்டும், அந்தச் சோதனை கொழும்புக்குப் போய் வரவேண்டும், நாள் எடுக்கும் என்றார். நாங்கள் எழுந்து போகத் தயாரானபோது, "தலையிடி எண்டு சொல்லுவாவோ?" என்று சாதாரணமாகக் கேட்டார்.

"காலமையில சில நேரம் சொல்லுவா. சாப்பிடாததால எண்டு நினைச்சனாங்கள்" என்றாள் மலர்.

டொக்டர் ஜெனியைத் தன் முன்னால் இருத்தினார். "என்ரை மூக்கையே பாருங்கோ. விரல் ஆடுறது தெரிஞ்சவுடனே சொல்லுங்கோ" என்று சொல்லிவிட்டு, இரண்டு கைகளையும் பக்கவாட்டில் அகல நீட்டி விரல்களை ஆட்டினார். கைகள் மெல்ல மெல்ல உள்ளே வந்தன. பின்னால் நின்ற எனக்கு ஆடும் விரல்கள் எப்போதோ தெரிந்துவிட்டன. ஜெனி மூக்கையே பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தாள். விரல்கள் டொக்டரின் தோள் வரைக்கும் வந்தன, கன்னத்துக்குப் பக்கத்தில் வந்தன. அப்போதுதான் "இப்ப தெரியுது" என்றாள்.

டொக்டர் இன்னொரு முறை செய்து பார்த்தார். பிறகு ஜெனியின் தலையைத் தடவிவிட்டு, "அப்பா கொஞ்சம் வெளியில வாங்கோ" என்றார். அவர் முகம் மாறியிருந்தது.

"கண்ணிலயிருந்து மூளைக்குப் போற நரம்பை ஏதோ அழுத்துதுபோல இருக்கு. பக்கப் பார்வை குறைஞ்சிருக்கு. என்னவெண்டு ஸ்கான் செய்தால்தான் தெரியும். இரத்தச் சோதனை வருமட்டும் நான் பொறுப்பன், கண் பொறுக்காது. நாளைக்கே கொழும்புக்கு அனுப்புறன்" என்றார்.

மலர் பிறந்தது தமிழ்நாட்டில், அகதி முகாமில். பத்தொன்பது வயதில்தான் ஊருக்குத் திரும்பி வந்தாள். இப்போது எங்களைப்போலத்தான் கதைப்பாள். ஆனால் பயம் வந்தால் முகாம் தமிழ் வந்துவிடும். அன்று ஆஸ்பத்திரி வாசலில் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "என்னங்க, புள்ளைக்கு என்னங்க? கண்ணு போயிடுமா?" என்றாள்.

கெவினை அக்காவிடம் விட்டுவிட்டுப் புறப்பட்டோம். கொழும்பு றோட்டில் ஒவ்வொரு பள்ளமும் எனக்குத் தெரியும். அன்றைக்கு அம்புலன்ஸின் பின்பக்கம் இருந்து போனேன். ஜெனி மலரின் மடியில் நித்திரை. வழியில், அவள் வீட்டில் எங்கேயெல்லாம் இடித்துக்கொண்டாள் என்று ஒவ்வொன்றாய் ஞாபகம் வந்தது. கதவு நிலையில், கதிரைக் கைபிடியில், தண்ணீர்க் குடத்தில். "பார்த்து நடவுங்கோ" என்று நாங்கள் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறோம்.

கொழும்பை எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். எனக்குத் தெரிந்தது மீன் சந்தையும் அதற்குப் போகும் வழியும்தான். சிங்களமும் அப்படித்தான். மீன்களின் பெயர், எடை, பொலிஸ் மறித்தால் சொல்லவேண்டிய பதில், இவ்வளவும் சரளமாக வரும். அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு தாதி வந்து என்னிடம் ஏதோ கேட்டபோது, என் மகளின் தலையைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒரு சொல்லும் இல்லை. கையால் தலையைத் தொட்டுக் காட்டினேன். அவர் பொறுமையாகத் தலையாட்டிவிட்டு, தமிழ் தெரிந்த ஒரு டொக்டரைக் கூட்டி வந்தார். மட்டக்களப்புப் பக்கத்து ஆள். படித்துக்கொண்டே வேலை செய்கிற இளம் டொக்டர். அந்த நாட்கள் முழுக்க எங்களுக்கு வாயும் காதும் அவர்தான்.

எம்.ஆர்.ஐ. என்பது பெரிய குழாய்போன்ற இயந்திரம். பிள்ளையைப் படுக்கவைத்து உள்ளே தள்ளுவார்கள். காந்த சக்தியால் தலைக்குள் படம் எடுக்கும், கதிர் இல்லை, வலியும் இல்லை. ஆனால் கல்லுடைக்கிறதுபோலச் சத்தம் போடும். கொஞ்சம் அசைந்தாலும் படம் கெட்டுவிடும். சின்னப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் மயக்க மருந்து கொடுத்துத்தான் எடுப்பார்களாம். ஜெனிக்கு அது தேவைப்படவில்லை. சொன்னபடி கண்ணை மூடிக் கிடந்தாள். வெளியே வந்ததும் இயந்திரத்தை இயக்கியவர் அவள் கன்னத்தைத் தட்டிச் சிங்களத்தில் ஏதோ சொன்னார். தமிழ் டொக்டர் சிரித்துக்கொண்டு, "இவ்வளவு நல்ல பிள்ளையைத் தான் பார்த்ததே இல்லையாம்" என்றார். நானும் மலரும் பெருமையாகச் சிரித்தோம். எந்த இடத்தில் நின்று சிரிக்கிறோம் என்று எங்களுக்குத் தெரியவில்லை.

மறுநாள் அவர் எங்களை ஒரு சின்ன அறைக்குள் கூட்டிப்போய்க் கதிரையில் இருத்தினார். இருக்கச் சொன்னபோதே நல்ல செய்தி இல்லை என்று விளங்கியது.

"மூளைக்கு அடியில, இரண்டு கண்ணுக்கும் நடுவில உள்ளுக்குத் தள்ளி, கபச்சுரப்பி எண்டு ஒண்டு இருக்கு. பட்டாணிக் கடலை அளவுதான். ஜெனிக்கு அந்த இடம் பெருத்து மேல எழும்பி, கண் நரம்பில முட்டுது."

"கட்டியா?" என்றாள் மலர்.

"அப்படியும் இருக்கலாம். இன்னும் முடிவாச் சொல்ல ஏலாது."

"வெட்டி எடுக்கணுமா?"

"தேவை வந்தால் மூக்குக்குள்ளால போய்ச் செய்வினம். மூளை சத்திரசிகிச்சை செய்யிற பெரிய டொக்டர் படத்தைப் பார்த்திட்டார். இரத்தச் சோதனை முழுக்க வராமல் கத்தி வைக்கமாட்டன் எண்டு சொல்லிப்போட்டார். ஆனால் கண்ணை ஒவ்வொரு நாளும் சோதிக்கச் சொல்லியிருக்கிறார். பார்வை இன்னும் குறைஞ்சால் காத்திருக்க ஏலாது."

அதற்குப் பிறகு எங்கள் நாட்கள் முழுவதும் அந்தக் கண் சோதனையைச் சுற்றித்தான் ஓடின. காலையில் ஒரு தாதி ஜெனியைக் கீழ்மாடிக்குக் கூட்டிப் போவார். அவள் திரும்பி வரும்வரை மலர் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டே நிற்பாள். நேற்றைப்போலவே இருக்கிறது என்று டொக்டர் சொன்னதும் உட்காருவாள். நன்றாயிருக்கிறது என்ற சொல்லை நாங்கள் எதிர்பார்க்கவே இல்லை. நேற்றைப்போலவே என்ற சொல் எங்களுக்குப் போதும்.

பிள்ளைகள் படுக்கும் வாட்டில் தாய்மார் மட்டும்தான் தங்கலாம். நான் பகல் முழுக்க நடைபாதையில் இருந்துவிட்டுப் படுக்கச் சந்தைக்குப் போவேன். அங்கே லொறிக்காரருக்கு ஒரு மடுவம், கூரை போட்ட கொட்டில், உண்டு. எங்கள் ஊர்ப் பெடியன்கள் மீனோடு வரும்போது அக்கா சமைத்துக் கொடுத்த சோற்றையும் நண்டுக் கறியையும் ஐஸ் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்து தருவார்கள். ஆஸ்பத்திரி வாசலில் அதைச் சூடாக்க இடமில்லை. மலர் அந்தக் குளிர்ந்த கறியைப் பிசைந்து ஜெனிக்கு ஊட்டுவாள். "ஊர் வாசம் வருது அம்மா" என்பாள் ஜெனி. ஒருவர் பின் ஒருவராக வந்த டிரைவர்மார் எவரும் "என்ன வருத்தம்?" என்று என்னிடம் கேட்கவில்லை. பொட்டலத்தைத் தந்துவிட்டுக் கொஞ்ச நேரம் பக்கத்தில் நின்றுவிட்டுப் போவார்கள். அப்படி நின்றது எனக்குப் பெரிய உதவியாக இருந்தது.

பக்கத்துக் கட்டிலில் ஜெனியின் வயதில் ஒரு பையன். தலை மழிக்கப்பட்டு, காதுக்கு மேலே தையல் வளைந்து ஓடும். ஜெனி அவனைக் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு நாள் மலரிடம், "எனக்கும் அப்படி வெட்டுவினமோ?" என்று கேட்டாளாம். மலர் இல்லையென்று சொல்லிவிட்டு வெளியே நடைபாதைக்கு வந்து, என் பக்கத்தில் குந்தியிருந்து வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள். அந்தப் பையனின் தாய் பின்னாலேயே வந்தார். சிங்களப் பெண். எங்களைவிட வயது கூடியவர். மலரின் பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்து, முதுகைத் தடவிக்கொண்டு, "பய வென்ட எப்பா, நங்கி" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

'பய' என்ற சொல் எனக்கு விளங்கியது. எங்களுக்கும் அவர்களுக்கும் பயத்துக்கு ஒரே சொல்தான். பயப்படாதே தங்கச்சி என்கிறார் என்று மலருக்குச் சொன்னேன். "அவங்களுக்கே பயமாத்தானே இருக்கும்" என்றாள் மலர். ஆனால் அந்தப் பெண்ணின் கையை விடவில்லை.

இரத்தச் சோதனை வருவதற்கு முதல் நாள், சுரப்புகளுக்கான விசேட டொக்டர் ஜெனியைப் பார்க்க வந்தார். மெலிந்த, வயதான அம்மா. நேரே ஜெனியின் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துச் சூடு பார்த்தார். முழங்கைத் தோலை விரலால் தேய்த்துப் பார்த்தார். கழுத்தைத் தடவினார். கணுக்காலின் பின்பக்கத்தைச் சின்னச் சுத்தியலால் தட்டினார். பாதம் ஒரு முறை துள்ளிவிட்டு, திரும்பி வர மனமில்லாததுபோல மெதுவாக வந்தது. பிறகு தமிழ் டொக்டர் மூலம் கேள்விகள் கேட்டார். குளிர் என்று சொல்வாளா? மலம் ஒழுங்காகப் போகுமா? பகலில் நித்திரை கொள்வாளா? பல் விழுந்திருக்கிறதா?

எல்லாவற்றுக்கும் மலரிடம் பதில் இருந்தது. கெவினுக்கே முன்பல் ஆடத் தொடங்கியிருந்தது, ஜெனிக்கு ஒரு பல்கூட விழவில்லை. மலம் போக நாலைந்து நாள் எடுக்கும். குளிரைப் பற்றிச் சொல்லும்போது அந்த அம்மா புருவத்தை உயர்த்தி, "மன்னாரமேத?" என்றார். மன்னாரிலேயா என்று கேட்கிறார் என்று எனக்கு விளங்கியது.

மறுநாள் மத்தியானம் தமிழ் டொக்டர் கையில் இரத்தச் சோதனை முடிவோடு வேகமாக வந்தார். இந்த முறை அறைக்குள் கூப்பிடவில்லை. கட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்று சொன்னார்.

"கழுத்தில தைரொயிட் எண்டு ஒரு சுரப்பி இருக்கு. உடம்பு வளர, சூடாயிருக்க, சுறுசுறுப்பாயிருக்க அதின்ரை சுரப்பு வேணும். ஜெனியின்ரை உடம்பில இருக்கிற நோய் எதிர்ப்புச் சக்தி, ஆள் மாறி அந்தச் சுரப்பியையே தாக்கி அழிச்சிருக்கு. கிட்டத்தட்ட ஒண்டுமே சுரக்கேல்லை. தலைக்குள்ள இருக்கிற கபச்சுரப்பிதான் தைரொயிட்டை வேலை செய்யச் சொல்லிக் கட்டளை அனுப்புறது. பதில் வராததால இன்னும் கூட, இன்னும் கூட அனுப்பியிருக்கு. வருசக்கணக்கா அப்படி அனுப்பி அனுப்பி அது வீங்கிப்போச்சு. அந்த வீக்கம்தான் ஸ்கானில கட்டிபோலத் தெரியுது எண்டு நேற்று வந்த டொக்டர் அம்மா நினைக்கிறா."

"பிறந்தப்போ குதிகால்ல ரத்தம் எடுத்துப் பார்த்தாங்களே, நல்லா இருக்குன்னாங்களே" என்றாள் மலர்.

"அது அப்ப சரிதான், அம்மா. இது பிறகு வந்தது. நீங்கள் செய்த ஒண்டாலயும் வரேல்லை."

"அப்ப மருந்து?" என்றேன் நான்.

"குளிசை. காலமையில வெறும் வயிற்றில ஒண்டு."

மலர் அந்தக் குளிசையை உள்ளங்கையில் வாங்கிப் பார்த்தாள். கொத்தமல்லி விதை அளவுதான் இருந்தது. அவளுக்குக் கோபம்தான் வந்தது. "இத்தனைக்கும் இதுதானா? இதுவா?" என்றாள். பிறகு அழுதாள்.

ஆனால் பயம் அதோடு முடியவில்லை. வீட்டுக்கு அனுப்புவதற்கு முன்னர் அந்த வயதான டொக்டர் அம்மா எங்களிடம் ஒளிக்காமல் சொன்னார். இது வீக்கம்தான் என்று தான் நம்புவதாக, ஆனால் சத்தியம் செய்ய முடியாது என்று. மூன்று மாதம் குளிசை போட்டுவிட்டு மறுபடியும் ஸ்கான் எடுக்கவேண்டும். வீக்கம் என்றால் வற்றியிருக்கும். வற்றாவிட்டால் அது வேறு ஏதோ, அப்போது சத்திரசிகிச்சை. இடையில் கடுமையான தலையிடியோ வாந்தியோ வந்தால், அல்லது எழுப்பியும் பிள்ளை எழும்பாவிட்டால், ஒரு நிமிடமும் தாமதிக்காமல் கொண்டுவரவேண்டும்.

அப்படி, தலைக்குள் என்னவென்று தெரியாத பிள்ளையோடு ஊருக்குத் திரும்பினோம்.

குளிசை தொடங்கிச் சில கிழமைகளில் ஜெனிக்குத் தலைமயிர் கொட்டத் தொடங்கியது. சீப்பில் கொத்துக் கொத்தாக வந்தது. மலர் அதைக் கையில் வைத்துக்கொண்டு எனக்குப் போன் எடுத்தாள். நான் புத்தளத்துக்குப் பக்கத்தில் லொறியோடு நின்றேன். "இது கான்சர்தாங்க. எனக்குத் தெரியும்" என்றாள். மன்னார் டொக்டரிடம் ஓடினாள். பழைய மயிர் விழுந்து புது மயிர் வரும், குளிசை வேலை செய்கிறது என்று அர்த்தம் என்றார் அவர். நம்ப ஆசையாக இருந்தது. ஆனால் நம்பவில்லை.

பிறகு பற்கள் விழுந்தன. ஒரே கிழமையில் இரண்டு. பிறகு ஜெனி போர்வையை உதைத்து எறிந்தாள். பகல் நித்திரை நின்றது. ஒரு நாள் நான் வீட்டுக்கு வந்தபோது லொறியின் பின்பக்கம் ஏறி நின்று கெவினுக்கு மேலே ஐஸ் துண்டுகளை எறிந்துகொண்டிருந்தாள். இறங்கச் சொன்னேன். "மாட்டன்" என்றாள். என் வாழ்க்கையில் அந்தப் பிள்ளையின் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டதில்லை.

பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. ரீச்சரின் குரலைக் கேட்டதும் எழுந்து நின்றேன். விழுந்துவிட்டாள், எழும்பவில்லை என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். ரீச்சர் முறைப்பாடு செய்தார். வகுப்பில் ஓயாமல் கதைக்கிறாள், பக்கத்துப் பிள்ளையின் பென்சிலைப் பறித்து உடைத்துவிட்டாள். "முந்தி எவ்வளவு நல்ல பிள்ளை, என்ன நடந்தது இவவுக்கு?" என்றார். நான் அவருக்கு நோயை விளங்கப்படுத்தினேன். விளங்கப்படுத்தும்போதுதான் எனக்கே உறைத்தது. எல்லாரும் மெச்சிய அந்த அமைதி, தாய்மார் வந்து எப்படி வளர்த்தீர்கள் என்று கேட்ட அந்த அடக்கம், அது முழுக்க என் பிள்ளை மெல்ல மெல்ல அணைந்துகொண்டிருந்ததுதான்.

மலரிடம் அதைச் சொன்னேன். "அப்ப அந்தப் பிள்ளை ஆர்?" என்றாள். "மடியில வந்து பேசாமல் கிடக்கும். எனக்கு அதையும் விருப்பம்தானே" என்றாள்.

மூன்று மாதம் கழித்துக் கொழும்புக்குப் போனோம். போவதற்கு முதல் நாள் மடு மாதா கோயிலுக்குப் போய் மெழுகுதிரி ஏற்றினோம். நான் என்ன கேட்டேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை. கேட்கவே பயமாக இருந்தது என்பதுதான் ஞாபகம்.

இந்த முறை ஜெனி ஸ்கான் இயந்திரத்துக்குள் கிடக்கமாட்டேன் என்று அடம்பிடித்தாள். காலை உதைத்தாள். சத்தத்துக்கு எழும்பி இருந்தாள். போன முறை மெச்சிய அதே ஆள் தலையில் கை வைத்துக்கொண்டு வெளியே வந்தார். கடைசியில் மயக்க மருந்து கொடுத்துத்தான் எடுத்தார்கள். உதைத்துக்கொண்டிருந்த கால் நடுவில் ஓய்ந்து சரிந்ததைப் பார்த்துவிட்டு மலர் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றாள்.

பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அந்த வயதான அம்மா எங்களைக் கூப்பிட்டார். எனக்குப் படம் பார்க்கத் தெரியாது. ஆனால் முதல் படத்தில் நடுவில் வெள்ளையாகத் திரண்டு நின்றது மற்றப் படத்தில் சின்னதாக, தட்டையாக அடங்கிக் கிடந்தது எனக்கே தெரிந்தது. அவர் எழுந்து, கைகளை அகல நீட்டி, ஜெனியின் கண்ணுக்கு நேரே விரல்களை ஆட்டினார். மயக்கம் முழுக்கத் தெளியாத ஜெனி, கைகள் நீண்ட இடத்திலேயே, "தெரியுது, தெரியுது, எத்தினை தரம் கேக்கிறியள்" என்று எரிச்சல்பட்டாள்.

தமிழ் டொக்டர் மொழிபெயர்க்கவில்லை. சிரித்துவிட்டார்.

உயரத்தைப் பற்றிக் கேட்டோம். அதற்காகத்தானே போனோம், அதை மறந்தே விட்டிருந்தோம். ஒரு விரல் அகலத்துக்கு மேல் வளர்ந்திருக்கிறாள் என்றார்கள். இனியும் வளர்வாள். ஆனால் போன வருடங்களின் உயரம் முழுக்கத் திரும்பிக் கிடைக்குமென்று சொல்ல முடியாது. குளிசை ஆயுள் முழுக்க. இரத்தச் சோதனையும் அப்படித்தான்.

"அப்ப இனிப் பயமில்லையா?" என்று மலர் கேட்டாள்.

"தலையைப் பற்றிப் பயமில்லை" என்றார் டொக்டர்.

பிள்ளை வளரவில்லையே என்று யாராவது என்னிடம் சொன்னால், உங்கள் உயரத்தைக் கொண்டு வந்திருக்கிறது என்று நான் இப்போது சொல்வதில்லை. ஒரு முறை சுவரோடு நிறுத்தி அளந்து, ஆஸ்பத்திரியில் காட்டச் சொல்கிறேன். அதற்காகத்தான் இதை எழுதினேன்.

திரும்பும் பஸ்ஸில் ஜெனி ஜன்னல் பக்கம் இருந்தாள். மயக்க மருந்தின் மிச்சமும் பகல் சூடும் சேர்ந்து புத்தளம் வருமுன் கண்ணை மூடிவிட்டாள். எழுப்பியும் எழும்பாவிட்டால் என்று டொக்டர் சொன்ன நாளிலிருந்து அந்தப் பிள்ளையை நான் நிம்மதியாக நித்திரை கொள்ள விட்டதில்லை. லொறியை விட்டு இறங்கி வந்தவுடன் தோளைத் தட்டுவேன். அவள் கண்ணைத் திறந்தால்தான் நான் செருப்பைக் கழற்றுவேன். இப்போதும் என்னையறியாமல் தோளைத் தொட்டு உலுப்பினேன்.

"என்னப்பா?" என்று சினந்தாள். "சும்மா விடுங்கோ. எனக்கு நித்திரை வருது."

"விடுங்க, தூங்கட்டும்" என்றாள் மலர்.

அனுராதபுரம் போனது. மதவாச்சிச் சந்தியில் சனம் ஏறியது, இறங்கியது. செட்டிகுளத்துக்கு அப்பால் றோட்டு குலுக்கியபோது அவள் தலை என் கைமேல் சரிந்தது. மூச்சு வருகிறதா என்று குனிந்து பார்க்க என் கழுத்து ஒரு முறை வளைந்தது. நிமிர்ந்து இருந்து முன்னால் றோட்டைப் பார்த்தேன். மன்னார் பாலம் வரும்வரை அவளை நான் எழுப்பவில்லை.